வடித்த தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அந்த வருஷம் யாரும் ஓடுவதில்லை. பிள்ளைகள்கூட ஓடிப்பிடித்து விளையாடுவதில்லை. ஒருத்தர் ஓடினால் மற்றவர்கள் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஆள் பிடிக்கிற லோரி வந்துவிட்டது என்று ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பின்பக்கமாகக் கிள்ளான் ஆற்றை நோக்கிப் பாய்ந்துவிடுவார்கள். ஆற்றுப் பாலத்தில் ஜப்பான்காரர்கள் இரண்டு பேர் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறார்கள். ஓடுகிறவனைச் சுடு என்று அவர்களுக்கு உத்தரவு. போன மாதம் ஒருவனைச் சுட்டும் காட்டிவிட்டார்கள். அதிலிருந்து யாரும் எழுதிவைக்காமலே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஓடாதே, கத்தாதே, தலை போகிற அவசரமானாலும் நடந்து போ.

1943ஆம் வருஷம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லோரி லோரியாக அள்ளிக்கொண்டு போன காலம். போனவர்களில் திரும்பி வந்தவன் ஒருத்தன்கூட இல்லை. கடுதாசியும் இல்லை. இருக்கிறவர்களுக்கோ சோறு இல்லை. அரிசிக் கார்டில் கொடுக்கிற அளவு மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போனது. மிச்ச வயிற்றுக்கு ஊபி, அதாவது நம் மரவள்ளிக் கிழங்கு. காலையில் ஊபி, மத்தியானம் ஊபி, அந்தியில் ஊபி மாவு ரொட்டி. தின்றவர்களுக்கு வயிறு நிறையும், கால் வீங்கும், ஒரு நாள் மூச்சு முட்டிச் சாவார்கள்.

பவுனம்மாளின் புருஷன் பழனியப்பன் அப்படித்தான் போனான். கீழ் வரிசையில் பன்னிரண்டாவது வீடு, கடைசி வீடு, அவர்களுடையது. அவன் செத்த பிறகு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார். “வெறும் வெள்ளரிசியும் ஊபியும் தின்னா இந்த நோவு வரும்மா. தவிடு, பயறு, கீரைன்னு ஏதாச்சும் குடுத்திருந்தா பொழச்சிருப்பாரு.” பவுனம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “செத்தப்புறம் வந்து சொல்றதுக்கு ஒரு டிரெஸ்ஸரா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் பிணத்தை வாங்கினாள்.

ஆனால் அந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை. புருஷன் செய்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். தண்டவாளத்துக்கு நடுவே முளைக்கிற புல் பூண்டைப் பிடுங்குகிற வேலை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கையில் பிடுங்கியதைக் கூர்ந்து பார்த்தாள். பொன்னாங்கண்ணி. பக்கத்தில் மூக்கிரட்டை. வேலி ஓரம் பூராவும் குப்பைக்கீரை. புருஷனுக்கு மருந்தாக இருக்க வேண்டியதைத்தான் அவன் தன் கையாலேயே தினமும் பிடுங்கி வெயிலில் எறிந்துகொண்டிருந்திருக்கிறான்! பாதை ஓரத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முந்தானை நிறையக் கீரையோடு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு வரிசை லயம், இருபத்துநாலு வீடு. அத்தனை வீட்டுக்கும் ஒரே பானை என்று ஆரம்பித்தது இப்படித்தான். மைதீன் பாயின் சோற்றுக்கடை ஜப்பான் சண்டை வந்ததும் மூடிப்போய், அவரும் பெண்சாதி ஜெய்னம்புவும் மேல் வரிசை முதல் வீட்டில் குடியிருந்தார்கள். கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கிய பெரிய தேக்சா ஒன்று அவர்களிடம் சும்மா கிடந்தது. பவுனம்மாள் போய்க் கேட்டாள். ஜெய்னம்பு ஒரே வார்த்தையில் சரி என்றாள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, அது இல்லாதவர்கள் ஒரு துண்டு விறகு. கீரை பவுனம்மாள் பொறுப்பு. ஆலையில் தவிடு வாங்கிவருவது மைதீன் பாய் பொறுப்பு. ஆட்டுக்கு என்று சொல்லித்தான் வாங்குவார். ஜெய்னம்புவிடம் ஒரு ஆடு இருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை. பொதுக் குழாயடியில் அடுப்பு. தினமும் மத்தியானம் கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பவுனம்மாள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்து அப்படியே நின்றால் அந்தப் பிள்ளைக்குத் தவிடு ஒரு கரண்டி கூடுதல். இரண்டு மாதத்தில் குழிகள் குறைந்தன. லயமே அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. “நீ நல்லாருக்கணும் தாயீ” என்று கிழவர்கள்கூடக் கும்பிட்டார்கள்.

கும்பிடும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறுவாள். ஏனென்றால் அவள் பானை வைத்ததற்கு ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்று, தெரியாத காரணம் ஒன்று. அரிசிக் கார்டில் தலையை எண்ணுவார்கள். பொதுப் பானையில் யாரும் தலையை எண்ணுவதில்லை. கார்டில் அவள் வீட்டுக்கு இரண்டே பேர், அவளும் ஆறு வயது மகள் தங்கமணியும். ஆனால் அடுப்படிக்கு மேலே விறகு அடுக்குகிற பரணில், சாக்குக்குப் பின்னால், மூன்றாவதாக ஒரு ஆள் படுத்திருந்தான். அவள் தம்பி தம்புசாமி, இருபத்திரண்டு வயசு.

அவன் செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவன். அத்தான் செத்த பிறகு அக்காவுக்குத் துணையாக வந்தான். வந்த பத்தாம் நாள் லோரி வந்தது. இந்த லயத்திலிருந்து எட்டு ஆள். ரயில்வே கணக்கெழுதுகிற கார்த்திகேசு கிராணி பட்டியலை வாசித்தார். வாசித்த குரல் நடுங்கியது, பாவம், அவரும் என்ன செய்வார்? ஏழு பேர் வந்து நின்றார்கள். எட்டாவது பெயர் தம்புசாமி, அவன் லோரிச் சத்தம் கேட்டதுமே பரணில் ஏறியிருந்தான். “அவன் வேலை தேடி கிள்ளானுக்குப் போயிட்டான்” என்றாள் பவுனம்மாள். ஜப்பான் அதிகாரி அவள் கன்னத்தில் ஒன்று விட்டான். பிறகு சுற்றிலும் பார்த்தான். குழாயடியில் வேலாயுதம் கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்தான். பதினோராவது வீட்டுக்காரன், வீரம்மாவின் புருஷன், நாற்பத்துநாலு வயசு. அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். வாயைக் கொப்பளிக்கக்கூட விடவில்லை. பல்லில் கரியோடுதான் லோரியில் ஏறினான்.

அன்றிலிருந்து நாலு மாதமாகப் பவுனம்மாள் வீரம்மாவின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். தம்புசாமி இருமல் வந்தால் துணியை வாயில் திணித்துக்கொள்வான். தங்கமணியிடம் சாமி படத்தின்மேல் சத்தியம் வாங்கியிருந்தாள், மாமா என்ற வார்த்தை வாசலைத் தாண்டக்கூடாது என்று. பானையில் தன் பங்கை அள்ளும்போது ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்வாள். யாராவது பார்த்தால், “தங்கமணிக்கு வயித்துல பூச்சி, எவ்வளவு போட்டாலும் பத்த மாட்டேங்குது” என்பாள். வீரம்மா ஒரு தடவை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் தூக்குச் சட்டியை நீட்டினாள்.

அப்படி இருக்கையில், ஒரு புதன்கிழமை மைதீன் பாய் ஒரு மாட்டுவண்டி நிறைய ஊபி கொண்டுவந்து இறக்கினார். செராஸ் பக்கம் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவரின் மாவு ஆலை, மூடிக் கிடக்கிறது. பின்னால் ஏக்கர் கணக்கில் ஊபி. சும்மா விலைக்குக் கொடுத்துவிட்டாராம். கிழங்கு ஒவ்வொன்றும் முழங்கை அளவு.

“காவல் இல்லையா பாய்?” என்று கேட்டாள் பவுனம்மாள்.

“காவலும் இல்ல, வேலியும் இல்ல. கள்ளன்கூடத் தொடல. காட்டுப் பன்னி தோண்டுன தடம்கூட இல்ல, பாத்துக்க. அல்லா நமக்குன்னே வச்சிருந்தான்.”

எது கிடைத்தாலும் திருடிக்கொண்டு போகிற காலத்தில், பன்றியும் திருடனும் தொடாத கிழங்கு என்றால் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். பசித்தவர்களுக்கு யோசனை எங்கே வருகிறது? மைதீன் பாய் இன்னொன்றும் சொன்னார். “தவுக்கே சொன்னாரு, மூணு தண்ணி மாத்தி வேகவைக்கணுமாம். மறந்துறாதீங்க.”

அதை அவர்கள் மறக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை ஒழுங்காக மூன்று தண்ணீர் மாற்றினார்கள். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் எந்தக் காலத்தில் வடித்த தண்ணீரைக் கொட்டினார்கள்? சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பிள்ளைக்கும் நோயாளிக்கும் கொடுத்து வளர்ந்த கைகள். சோறு போய் ஊபி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊபி வெந்த தண்ணீரும் வெள்ளையாகத்தானே இருக்கிறது. முன்பெல்லாம் வாங்கிய ஊபியில் அப்படி வடித்துக் குடித்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே முதல் தண்ணீரை, கெட்டியாக இருந்ததை, பெரிய வாளியில் வடித்தார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு நிற்கிறார்களே, கிழங்கு பக்குவமாவதற்குள் அவர்கள் குடிக்கட்டும் என்று வீட்டுக்கு ஒரு டின் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள் பவுனம்மாள். தாராளமாகத்தான் ஊற்றினாள். தன் வீட்டுக்கு மட்டும் இரண்டு டின். தங்கமணி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக நடந்து போனாள்.

இரண்டாவது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெய்னம்பு தன் வீட்டுக்குப் பின்னால் போனவள், “அக்கா” என்று ஒரு மாதிரிக் குரலில் கூப்பிட்டாள்.

ஆடு படுத்துக் கிடந்தது. வாயில் நுரை. நாலு காலும் விறைத்துக் கொஞ்சம் உதைத்தது, பிறகு உதைக்கவில்லை. அதன் முன்னால் அவர்கள் காலையில் சீவிப் போட்ட ஊபித் தோல், பாதி தின்றது போக மீதி.

பவுனம்மாள் ஆட்டைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், திரும்பிக் காலி வாளியைப் பார்த்தாள். தவுக்கே எதற்கு மூன்று தண்ணீர் மாற்றச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. விஷம் முழுக்கத் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் அவள் தன் கையால் அளந்து, முதலில் பிள்ளைகளுக்கு என்று சொல்லி, வீடு வீடாக அனுப்பியிருக்கிறாள்.

“யா அல்லா” என்று ஜெய்னம்பு வாயைத் திறந்தாள். கத்தப்போகிறாள் என்று தெரிந்தது. பவுனம்மாள் அவள் வாயைப் பொத்தினாள்.

“கத்தாதடி. கத்தினா ஆம்பளைங்க ஆத்துக்கு ஓடுவாங்க. பாலத்துல நிக்கிறான். நீ மேல் வரிசை, நான் கீழ் வரிசை. கொட்டச் சொல்லு. குடிச்ச புள்ளைங்களுக்கு உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வை. நடந்து போ. ஓடாத, நடந்து போ!”

அடுப்பு இருந்தது முதல் வீட்டுப் பக்கம். அவள் வீடு பன்னிரண்டாவது. கால் நேரே பன்னிரண்டுக்குப் போகத்தான் துடித்தது. பெற்றவளாயிற்றே! ஆனால் தங்கமணி அம்மா வராமல் எதிலும் வாய் வைக்க மாட்டாள். மாமாவுக்குப் பங்கு வைத்த பிறகுதான் சாப்பாடு என்று பழக்கியிருந்தாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். பிள்ளை காத்திருப்பாள், கட்டாயம் காத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் வீட்டுக்குள் நுழைந்தாள்.

முதல் வீட்டில் ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். தட்டிவிட்டாள். இரண்டாம் வீட்டில் தாய்க்காரி டின்னைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “குடுத்தத திருப்பிப் பறிக்கிறியா, உனக்குக் கொஞ்சமாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். “வெசம்டி” என்று காதோரம் சொன்னதும் டின் அவள் கையிலிருந்து தானாக விழுந்தது. மூன்று, நாலு. ஐந்தாம் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பாதி குடித்துவிட்டிருந்தார்கள். பவுனம்மாள் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துத் தொண்டையில் விரலை விட்டாள். பிள்ளை கடித்தது. வெள்ளை வெள்ளையாய் வாந்தி எடுத்தது. மற்றதைத் தாய் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது, பாலத்தில் நின்ற ஜப்பான்காரர்களில் ஒருவன் இறங்கி லயத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வீடு நுழைந்து வருகிற பெண்பிள்ளையை அவன் கவனித்திருக்க வேண்டும். அவனைக் கண்டால் நின்ற இடத்தில் நின்று குனிய வேண்டும். அவன் தாண்டிப் போகிறவரை நிமிரக்கூடாது. பவுனம்மாள் ஆறாம் வீட்டு வாசலில் நின்று இடுப்பு வரை குனிந்தாள். உள்ளே ஒரு பிள்ளை, “அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம்” என்று கேட்பது காதில் விழுந்தது. பூட்ஸ் வந்தது, அவள் தலைக்கு நேரே நின்றது. அவன் ஏதோ கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. கையால் குழாயடிப் பக்கம் காட்டி, “மக்கான், மக்கான்” என்றாள். சாப்பாடு என்றாவது விளங்கட்டும் என்று. அவன் போகவில்லை. உள்ளே டின் தரையில் உரசுகிற சத்தம். கடைசியில் பூட்ஸ் திரும்பி, மெதுவாக, மிக மெதுவாக, தண்டவாளப் பக்கம் போய் நின்றுகொண்டது.

ஆறாம் வீட்டுப் பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்துக் கக்கவைத்தாள். ஏழு. எட்டாம் வீட்டில் ஒரு பெண்குழந்தைக்குக் கண் சொருகியிருந்தது. வாந்தி எடுக்கவைத்து, மூச்சு சீராக வந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒன்பது, பத்து. பதினோராம் வீட்டில் வீரம்மாவும் மகன் சின்னையாவும் சின்னது இரண்டும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டின் நடுவில் நிரம்பியபடியே இருந்தது. “தொடாதீங்க, வெசம்” என்றாள் பவுனம்மாள். வீரம்மா டின்னை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் வீட்டுக் கதவைத் திறந்தபோது தங்கமணி அடுப்படியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு டின். இரண்டும் காலி.

“குடிச்சியாடி?” பவுனம்மாள் பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள்.

“நான் குடிக்கலம்மா. நீ வரல. மாமாவுக்கு ரொம்பப் பசிச்சிச்சு. பெட்டி மேல ஏறி நானே குடுத்தேன். கொஞ்சம்கூடச் சிந்தல. நான் அங்கயே குடிச்சுட்டேன்னு மாமாகிட்ட சொன்னேன்.”

பிள்ளை பெருமையாகத்தான் சொன்னாள். அம்மா செய்கிற வேலையைத் தானே செய்துவிட்ட பெருமை. பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சாக்கு விலகியிருந்தது. பரண் ஓரத்தில் ஒரு கை தொங்கியது.

பெட்டிமேல் ஏறினாள். தம்புசாமியின் கண் பாதி திறந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது, உதட்டோரம் நுரை. மல்லாந்து கிடந்தான், அப்படியே வாந்தி எடுத்தால் தொண்டை அடைத்துச் செத்துப்போவான். காலைப் பிடித்து இழுத்தாள். பரண் சட்டத்தில் இடுப்பு மாட்டிக்கொண்டது. தோளைப் பிடித்துத் தூக்கினாள். எலும்பும் தோலுமாக இருந்தவன் எங்கிருந்து இவ்வளவு கனத்தான்! வேண்டிய மட்டும் இழுத்துப் பார்த்தாள். ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை.

யாரைக் கூப்பிடுவாள்? ஜெய்னம்பு மேல் வரிசைக் கடைசியில் இருப்பாள். வாசலுக்குப் போய்க் கத்தினால் தண்டவாளத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும், முதலில் அவன்தான் வருவான். எட்டும் தூரத்தில் இருக்கிற ஒரே ஆள் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். நாலு மாதமாக எந்த ஒரு முகத்துக்குப் பயந்து பயந்து செத்தாளோ, அந்த முகம். இவனைக் கண்டதும் அவள் வாசலில் போய் நின்று ஜப்பான்காரனைக் கூப்பிட்டால், யார் அவளைக் குறை சொல்ல முடியும்? வீரம்மாவைக் கூப்பிடாவிட்டால் தம்பி இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடுவான். கூப்பிட்டால் மூன்று பேரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம், தங்கமணி உட்பட.

தம்புசாமியின் மூச்சு ஒரு தடவை நின்று, மறுபடி வந்தது. பவுனம்மாள் கையை மடக்கிப் பலகையில் தட்டினாள்.

“அக்கா. வீரம்மாக்கா. கொஞ்சம் வாங்கக்கா.”

வீரம்மா வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், தொங்குகிற கையைப் பார்த்தாள். பவுனம்மாள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். என்ன சொல்வது? மன்னித்துவிடு என்றா? உன் புருஷன் ஏறினது இவன் இடத்தில் என்றா?

“நகரு” என்றாள் வீரம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியில் ஏறினாள். ரயில்வே கல் சுமந்த தோள் அவளுடையது. அக்குளில் கையைக் கொடுத்து ஒரே இழுப்பில் அவனைச் சட்டத்திலிருந்து விடுவித்தாள். இரண்டு பேருமாகத் தரையில் இறக்கிக் குப்புறக் கிடத்தினார்கள். வீரம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை அவன் உடம்பே முறுக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை வந்தது. அவள் சேலை பூராவும் வந்தது. துடைக்கக்கூட இல்லாமல் மறுபடி ஊற்றினாள். நாலு முறை, ஐந்து முறை. பவுனம்மாள் அவன் காலைத் தேய்த்துக்கொண்டே வாய்க்குள் மாரியாத்தா மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே தண்டவாளச் சரளையில் பூட்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் தம்புசாமி கண்ணைத் திறந்து, “அக்கா” என்றான். பவுனம்மாளைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் தலையை மடியில் வைத்திருந்தவளைப் பார்த்துச் சொன்னான். யார் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். வீரம்மா விடவில்லை.

பூட்ஸ் சத்தம் பாலத்துப் பக்கம் தேய்ந்து போனது. அதன் பிறகுதான் பவுனம்மாளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அக்கா, எனக்கு வேற வழி தெரியலக்கா. உங்களுக்குத் தெரிஞ்சா...”

“தெரியும்” என்றாள் வீரம்மா. “அவர ஏத்திக்கிட்டுப் போன மறுநாளே தெரியும். விடிகாலையில இருமினான். நடுவுல ஒரு பலகைதானே.”

“நாலு மாசமாவா? ஏன்க்கா சொல்லல?”

“யார்கிட்ட சொல்ல? சொன்னா இவனையும் ஏத்திக்கிட்டுப் போவான். அவர எறக்கி விடுவானா? எத்தனையோ நாள் வாசல் வரைக்கும் போயிருக்கேன், சொல்லிடலாம்னு. உன் பானைக் கஞ்சிதான் என் புள்ளைங்க கால் வீக்கத்த எறக்கிச்சு. திரும்பி வந்துருவேன்.”

சேலையில் ஒட்டியிருந்ததை அப்போதுதான் ஒரு துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பவுனம்மாளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“ஆனா ஒண்ணு கேட்டுக்க பவுனு. நல்லெண்ணத்துல இவனக் காப்பாத்துனேன்னு நெனச்சிடாத. மறுபடி லோரி வரும். கார்த்திகேசு கிராணி நேத்து வந்து சின்னையாவுக்கு என்ன வயசுன்னு கேட்டுட்டுப் போனாரு. பதினஞ்சுன்னேன். பதினஞ்சு போதுமாம் இப்ப. லோரி வந்து என் புள்ள பேர வாசிச்சா, அன்னிக்கு இவன் எறங்கி வந்து ஏறணும். என் புருஷன் இவனுக்காகப் போனாரு. இவன் என் புள்ளைக்காகப் போகணும். அதுக்கு இவன் உசுரோட இருக்கணும். அதான் தூக்குனேன்.”

தங்கமணி காலி டின்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் தம்பியைப் பார்த்தாள். நாலு மாதமாக அவள் மறைத்துவைத்து, ஊருக்கெல்லாம் பானை வைத்துக் காப்பாற்றிய உயிர்.

தம்புசாமி தலையை அசைத்தான். பேசுவதற்குத் தொண்டையில் பலம் இல்லை. ஆனாலும் பேசினான். “சரிக்கா. வாசிக்கட்டும். வரேன்.”

முடியாது என்று சொல்லத்தான் பவுனம்மாள் வாயைத் திறந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் சின்னையா தம்பி தங்கைகளுக்கு ஏதோ வேடிக்கை காட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். குரல் அப்போதுதான் உடைய ஆரம்பித்திருந்தது. பவுனம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.